சாக்லேட் ஐசிங் குக்கி: பழைய வீட்டுக் குறிப்பை நம்மூர் அடுக்களையில் சுடுவது (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

பழைய நோட்டுகளிலும், வெளிநாட்டு உறவினர் அனுப்பிய கடிதங்களிலும் கிடைக்கிற சாக்லேட் குக்கிக் குறிப்புகள் பெரும்பாலும் இந்த அச்சில்தான் இருக்கும்: "வெண்ணெய் அல்லது ஷார்ட்டனிங் அரை கப், பிரவுன் சுகர் ஒரு கப், முட்டை ஒன்று, சாக்லேட் இரண்டு ஸ்கொயர், புளித்த பால் அரை கப், மைதா ஒன்றேமுக்கால் கப், சோடா அரை டீஸ்பூன், உப்பு, வனிலா, பருப்பு. மாடரேட் ஓவனில் 12 நிமிடம். ஆறியதும் சாக்லேட் ஐசிங் தடவவும்."

எழுதியவர் கைக்கு இது போதுமாக இருந்திருக்கும். நாகர்கோவிலிலோ குளச்சலிலோ சித்திரை வெயிலில் முதல்முறை சுடுகிறவருக்குப் போதாது. இந்தக் குக்கி சரியாக வராதபோது பலரும் உடனே மைதாவைக் கூட்டுகிறார்கள், சோடாவை மாற்றுகிறார்கள். அளவை மாற்ற அவசரப்படாதீர்கள். இந்தக் குறிப்பு குளிர்ந்த, வறண்ட அடுக்களையை மனதில் வைத்து எழுதியது. வெண்ணெயின் சூட்டையும் காற்றின் ஈரத்தையும் சரிசெய்தால் முக்கால்வாசிக் கோளாறு தீர்ந்துவிடும்.

இந்த அளவுகளை கிராமில் சொல்லுங்களேன்?

வெண்ணெய் 115 கிராம். பிரவுன் சுகர் அல்லது நாட்டுச் சர்க்கரை 200 கிராம். முட்டை ஒன்று, கடையில் கிடைக்கும் நாமக்கல் முட்டை ஓடு நீக்கி 45 முதல் 50 கிராம் வரும், அது போதும். நாட்டுக்கோழி முட்டை சிறிதாக இருந்தால் இரண்டு முட்டையை அடித்து அதிலிருந்து நிறுத்து எடுங்கள். கோகோ பவுடர் 36 கிராம், அதோடு கூடுதல் வெண்ணெய் 28 கிராம் (காரணம் கீழே இருக்கிறது). புளித்த பால் அல்லது மோர் 120 மி.லி. மைதா 210 கிராம். சமையல் சோடா தலைதட்டி அரை டீஸ்பூன். உப்பு கால் டீஸ்பூன், உப்பு சேர்த்த வெண்ணெயாக இருந்தால் வேண்டாம். வனிலா எசென்ஸ் ஒரு டீஸ்பூன். அண்டிப்பருப்பு (முந்திரிப்பருப்பு) 60 கிராம்.

25 கிராம் உருண்டையாக வைத்தால் ஏறக்குறைய 30 குக்கி கிடைக்கும். கடைப் பிஸ்கெட் மாதிரி மொறுமொறுப்பாக இருக்காது. ஓரம் லேசாக இறுகி, நடு கேக் போல மெத்தென்று இருப்பதுதான் இதன் குணம். மொறுமொறுப்பு வரவில்லையே என்று கூடுதலாகச் சுட்டுக் கெடுக்க வேண்டாம்.

கப் என்றால் எந்தக் கப்? எங்கள் நோட்டில் நாழி, டம்ளர் என்றுகூட எழுதியிருக்கிறதே?

அமெரிக்கக் குறிப்பில் கப் என்றால் ஏறக்குறைய 240 மி.லி. அளவைவிடப் பெரிய சிக்கல், மைதாவைக் கப்பில் எப்படி எடுக்கிறோம் என்பது. கரண்டியால் அள்ளிப் போட்டுத் தலைதட்டினால் ஒரு கப் 120 கிராம். டப்பாவுக்குள் கப்பை விட்டு அழுத்தி மொண்டால் அதே கப் 145 கிராமைத் தொடும். ஒன்றேமுக்கால் கப்புக்கு இந்த வித்தியாசம் 40 கிராம் தாண்டிப்போகும். குக்கி மலைபோல் எழும்பி, வறண்டு, வாயில் மாவாக நிற்பதற்கு இதுவே காரணம்.

நோட்டில் நாழி, உரி, டம்ளர் என்று இருந்தால் பொதுக் கணக்கைத் தேடிப் போகாதீர்கள். வீட்டுக்கு வீடு பாத்திரம் மாறும். அந்த நாழியோ டம்ளரோ வீட்டில் இன்னும் இருந்தால் அதிலேயே மைதா, சீனி இரண்டையும் அளந்து, தராசில் நிறுத்து, நோட்டின் ஓரத்தில் கிராமை எழுதி வையுங்கள். பாத்திரம் இல்லையென்றால் விகிதத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்: மைதாவின் எடையும் சீனியின் எடையும் ஏறக்குறைய சமம், வெண்ணெய் அதில் பாதிக்குச் சற்று மேல். ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் சிறிய மின்தராசு ஒன்று இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

"இரண்டு ஸ்கொயர் சாக்லேட்" என்றால் என்ன?

சீனி சேர்க்காத கசப்புச் சாக்லேட் கட்டி. பழைய குறிப்புகளில் ஒரு ஸ்கொயர் ஒரு அவுன்ஸ், அதாவது 28 கிராம். நம்மூர்க் கடைகளில் இது எளிதில் கிடைப்பதில்லை. ஒரு ஸ்கொயருக்கு மூன்று டேபிள்ஸ்பூன் கோகோவும் ஒரு டேபிள்ஸ்பூன் வெண்ணெயும் என்று மாற்றிக்கொள்ளலாம். மேலே 36 கிராம் கோகோவும் 28 கிராம் கூடுதல் வெண்ணெயும் வந்தது அப்படித்தான். தின்கிற சாக்லேட் பாரை உருக்கி ஊற்றினால் இனிப்பு தூக்கலாகி, கோகோ வாசனை அமுங்கிப்போகும். டிரிங்கிங் சாக்லேட் பவுடர் இதற்கு ஆகவே ஆகாது, அதில் பெரும்பங்கு சீனி.

எந்தக் கோகோ பவுடர் வாங்குவது?

இரண்டு வகை உண்டு. இயற்கைக் கோகோ, பி.எச். 5.5-ஐ ஒட்டிப் புளிப்புத்தன்மையோடு, இளஞ்சிவப்பு கலந்த பழுப்பாக இருக்கும். காரம் சேர்த்துப் பதப்படுத்திய டச்சுக் கோகோ, பி.எச். 7-ஐ ஒட்டி, கறுத்து, வாசனை மிருதுவாக இருக்கும். பொட்டலத்தின் பொருள் பட்டியலில் அமிலத்தன்மை சீராக்கி என்று போட்டு 500 அல்லது 501 எண் இருந்தால் அது இரண்டாவது வகை. சந்தேகமென்றால் ஒரு டீஸ்பூன் கோகோவை வெந்நீரில் கரைத்து ஒரு சிட்டிகை சோடா போட்டுப் பாருங்கள். நுரைத்து எழுந்தால் இயற்கைக் கோகோ.

பழைய குறிப்பில் சோடா மட்டும் இருக்கிறது, பேக்கிங் பவுடர் இல்லை. புளித்த பாலும் இயற்கைக் கோகோவும் தரும் புளிப்பை நம்பி எழுதிய கணக்கு அது. டச்சுக் கோகோ போட்டால் சோடா மிச்சப்பட்டுச் சோப்புச் சுவை வரும். அப்போது சோடாவைக் கால் டீஸ்பூனாகக் குறைத்து, பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன் சேருங்கள்.

வெண்ணெயை அறை வெப்பத்துக்குக் கொண்டுவர எவ்வளவு நேரம் வெளியே வைக்க வேண்டும்?

இந்த ஒரு வரிதான் நம் பக்கத்தில் அதிகக் குக்கிகளைக் கெடுக்கிறது. குறிப்பு சொல்லும் அறை வெப்பம் 18 முதல் 20 டிகிரி செல்சியஸ். பங்குனி, சித்திரையில் நம் அடுக்களைக்குள் 32, 33 டிகிரி சாதாரணம். வெண்ணெய் உருகும் சூடும் அதேதான். குறிப்பில் சொன்னபடி ஒரு மணி நேரம் வெளியே வைத்தால் வெண்ணெய் நெய்ப்பதமாகிவிடும். அதைச் சீனியோடு எவ்வளவு அடித்தாலும் காற்று பிடிக்காது, ஓவனுக்குள் போனவுடன் வழிந்து பரவும்.

பிரிட்ஜிலிருந்து எடுத்த கட்டியை விரல்நகம் அளவு துண்டுகளாக வெட்டித் தட்டில் பரப்புங்கள். பத்து நிமிடம் போதும். விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், ஆனால் விரலில் எண்ணெய்ப் பளபளப்பு ஒட்டக் கூடாது. பளபளத்தால் தாண்டிவிட்டது என்று அர்த்தம். பாத்திரத்தை ஐஸ் தண்ணீர் உள்ள அகலச் சட்டியில் இரண்டு நிமிடம் இறக்கிவைத்துக் கிளறினால் திரும்ப இறுகும். அடிக்கும்போது நடுவில் வெண்ணெய் தளர்ந்தாலும் இதையே செய்யலாம்.

வீட்டில் கடைந்த வெண்ணெயில் நீர் கூடுதல், அதுவும் கடைசலுக்குக் கடைசல் மாறும். அதைப் பயன்படுத்துவதானால் ஐஸ் தண்ணீரில் இரண்டு முறை கழுவி, துணியில் பிழிந்து, பிறகு நிறுத்து எடுங்கள்.

ஷார்ட்டனிங்குக்குப் பதில் டால்டாவா, தேங்காய் எண்ணெயா?

ஷார்ட்டனிங் என்பது நீர் கலக்காத முழுக்கொழுப்பு. வனஸ்பதி அதற்கு நெருக்கமானது. வெண்ணெயைவிட உயர்ந்த சூட்டில் உருகுவதால் நம் வெயிலில் குக்கியின் உருவம் நிற்கும். ஆனால் வாசனை கிடையாது, வாயில் மெழுகுபோல் படியும். வனஸ்பதியில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2022 ஜனவரி முதல் நடப்பில் இருக்கிறது. இருந்தாலும் எங்கள் பரிந்துரை பாதி வெண்ணெய், பாதி வனஸ்பதி, அதுவும் கடும் கோடையில் மட்டும்.

தேங்காய் எண்ணெய் 25 டிகிரியிலேயே உருகிவிடும். நம் வீட்டில் அது எப்போதும் திரவம்தான், ஆகவே சீனியோடு அடித்துப் பஞ்சாக்க முடியாது. குக்கி அடர்த்தியாக, தட்டையாக வரும். அப்படியும் செய்ய விரும்பினால் 115 கிராம் வெண்ணெய்க்கு 92 கிராம் எண்ணெய், கூடவே 20 மி.லி. மோர் அதிகம் (வெண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு கொழுப்பல்ல, பெரும்பாலும் நீர்). பிசைந்ததை ஒரு மணி நேரம் பிரிட்ஜில் இறுக்கிவிட்டுச் சுடுங்கள். செக்கெண்ணெயின் மணம் கோகோவை மீறி நிற்கும். அதை விரும்புகிறவர்களுக்கு அது நல்ல குக்கிதான்.

பிரவுன் சுகருக்குப் பதில் கருப்பட்டி போடலாமா?

தாராளமாக, ஆனால் முழுவதுமாக அல்ல. 200 கிராமில் 70 கிராம் கருப்பட்டி, 130 கிராம் சீனி என்பது நல்ல கூட்டு. பாதிக்கு மேல் போனால் கருப்பட்டிச் சுவைதான் தெரியும், கோகோ காணாமல் போகும். கருப்பட்டியில் மணலும் தும்பும் இருக்கலாம் என்பதால் இடித்து அப்படியே போடாமல், இரண்டு டேபிள்ஸ்பூன் தண்ணீரில் உருக்கி, அரித்து, முழுக்க ஆறவிட்டுச் சேருங்கள். அந்தத் தண்ணீரை மோரில் கழித்துவிடுங்கள்: 120-க்குப் பதில் 90 மி.லி.

வெறும் சீனி மட்டும் போட்டால் குக்கி சீக்கிரம் உலரும். நம்மூர்ச் சீனி பருமணி வேறு, எளிதில் கரையாது. மிக்சியில் இரண்டு மூன்று முறை விட்டுவிட்டுச் சுற்றி ரவைப் பதத்துக்கு உடைத்துக்கொள்ளுங்கள். மாவாக்கிவிடாதீர்கள், பிறகு குக்கி பரவவே செய்யாது.

மார்த்தாண்டம் தேன் சேர்க்கலாமா என்றும் கேட்கிறார்கள். ஒரு டேபிள்ஸ்பூன் மாவில் சேர்த்தால் மென்மை கூடும். ஐசிங்கில் மட்டும் வேண்டாம், அது இறுகாது.

புளித்த பால்?

60 கிராம் தயிரில் தண்ணீர் விட்டு 120 மி.லி. ஆக்குங்கள். அல்லது 120 மி.லி. பாலில் ஒன்றரை டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு விட்டுப் பத்து நிமிடம் வையுங்கள், திரிந்ததுபோல் ஆகும், அதுதான் வேண்டும். இரண்டு நாள் புளித்த மோர் வேண்டாம், குக்கியிலும் அந்த வாடை வரும்.

கலக்கும் வரிசை என்ன?

முதலில் 28 கிராம் வெண்ணெயை உருக்கி, சூடாக இருக்கும்போதே 36 கிராம் கோகோவை அதில் போட்டுக் கட்டியில்லாமல் குழைத்து ஆறவையுங்கள். சூடான கொழுப்பில் கோகோவின் வாசனை நன்றாக விரியும். மைதா, சோடா, உப்பு மூன்றையும் சேர்த்து இரண்டு முறை அரிப்பில் சலியுங்கள். சோடா ஒரே இடத்தில் நின்றுவிட்டால் அந்தக் கடி கசக்கும்.

அடுத்து வெண்ணெயும் சீனியும். மரக்கரண்டியால் ஐந்தாறு நிமிடம், பீட்டரில் இரண்டு நிமிடம். தொடக்கத்தில் ஈரமணல்போல் கரகரக்கும். போகப்போக நிறம் ஒரு படி வெளுத்து, கரண்டி இழுத்த தடம் மூடாமல் அப்படியே நிற்கும். அங்கே நிறுத்துங்கள். நம் சூட்டில் அதற்கு மேல் அடிப்பது வெண்ணெயை உருக்குவதில்தான் முடியும். பிறகு முட்டை, வனிலா. முட்டை நேராகப் பிரிட்ஜிலிருந்து வந்தால் கலவை திரிந்ததுபோல் தெரியும். பயப்பட வேண்டாம், மைதா விழுந்ததும் சேர்ந்துவிடும். பிறகு ஆறிய கோகோ.

மைதாவில் மூன்றில் ஒரு பங்கு, மோரில் பாதி, மறுபடி மைதா, மீதி மோர், கடைசி மைதா. வெள்ளைத் தடம் மறையும் வரை மட்டும் கிளறுங்கள். மைதா நனைந்த பிறகு அடிக்க அடிக்க இழுவை கூடி, குக்கி ரப்பராகும். கடைசியில் பருப்பு.

பதம் உளுந்தவடை மாவுபோல் இருக்கும். கையால் உருட்ட வராது, ஒட்டும். ஒட்டுகிறதே என்று மைதா சேர்க்காதீர்கள். அரை மணி நேரம் பிரிட்ஜில் வைத்தால் தானே இறுகும். ஈரக் கரண்டியால் எடுத்து, இரண்டங்குல இடைவெளி விட்டு வையுங்கள்.

குக்கி பரவித் தட்டையாகிவிடுகிறது. ஏன்?

நான்கைந்து காரணம் உண்டு, நம் பக்கத்தில் இந்த வரிசையில் பாருங்கள். ஒன்று, வெண்ணெய் உருகியது. குக்கியின் ஓரம் வலைபோல மெலிந்து, அடியில் எண்ணெய் கசிந்திருந்தால் இதுதான். இரண்டு, ஓவன் போதுமான சூட்டில் இல்லை. மைதாவும் முட்டையும் இறுகுவதற்கு முன்னே கொழுப்பு வழிந்துவிடுகிறது. மூன்று, சூடான தட்டில் இரண்டாம் ஈடு வைத்தது. கிறிஸ்துமஸ் நேரத்து அவசரத்தில் எல்லாரும் செய்வது இது. தட்டைக் குழாய்த் தண்ணீரில் காட்டி, துடைத்து, தொட்டால் சுடாத நிலையில் வையுங்கள். இரண்டு தட்டு இருந்தால் மாற்றி மாற்றிப் போடலாம். நான்கு, தட்டில் நெய் தாராளமாகத் தடவியது. நெய்யே வேண்டாம், பேக்கிங் பேப்பர் போதும். கடைகளில் பட்டர் பேப்பர் என்ற பெயரில் கிடைக்கும் மலிவுத்தாள் சில ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். சிலிக்கான் பூச்சு உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள்.

மழைக்காலத்தில் திறந்து வைத்த மைதா ஈரம் இழுத்திருக்கும் என்பது ஐந்தாவது. புதுப் பொட்டலம் உடைத்தால் தீரும்.

எதனால் என்று தெரியாவிட்டால் ஒரே ஒரு குக்கியை முதலில் சுட்டுப் பாருங்கள். பரவினால் மீதியை இன்னும் அரை மணி நேரம் பிரிட்ஜில் வையுங்கள். அதன் பிறகும் பரவினால்தான் 15 கிராம் மைதா.

எதிர்மாறாகப் பரவாமல் உருண்டையாக நின்றால் மைதா கூடியிருக்கிறது. அடுத்த தட்டுக்கு உருண்டையை ஈரக் கரண்டியால் லேசாகத் தட்டிவிட்டுச் சுடுங்கள்.

மாடரேட் ஓவன் என்பது எத்தனை டிகிரி? ஓடிஜியில் (வீட்டுச் சிறு மின் ஓவனில்) எப்படி வைப்பது?

350 முதல் 375 பாரன்ஹீட், அதாவது 175 முதல் 190 டிகிரி செல்சியஸ். 180-ல் வையுங்கள். மேல், கீழ் இரண்டு கம்பியும் எரிய, 15 நிமிடம் முன்சூடு. திருகில் உள்ள எண்ணை நம்பாதீர்கள். சிறிய ஓடிஜிகளில் 20 டிகிரி முன்பின் இருப்பது சகஜம். உள்ளே வைக்கும் ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிட்டால் பல வருடக் குழப்பம் தீரும். தட்டு நடு அடுக்கில், ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். கறுப்புத் தட்டாக இருந்தால் அடி சீக்கிரம் கருகும். 10 டிகிரி குறையுங்கள், அல்லது தட்டுக்கடியில் இன்னொரு தட்டு வையுங்கள்.

கன்வெக்‌ஷன் மைக்ரோவேவில் 165 டிகிரி, தாழ்ந்த ஸ்டாண்டு. மைக்ரோவேவ் மட்டும் உள்ள அடுப்பில் இது வராது.

ஓவனே இல்லை. அடுப்பில் சுட முடியுமா?

முடியும். அடிகனமான அலுமினியச் சருவத்தில் இரண்டு விரல் உயரம் கல்லுப்பு அல்லது கழுவி உலர்த்திய ஆற்று மணல் பரப்பி, நடுவில் ஒரு ஸ்டாண்டு வைத்து, மூடி, நடுத்தணலில் பதினைந்து நிமிடம் சூடாக்குங்கள். சிறிய தட்டில் ஐந்தாறு குக்கி வைத்து இறக்கி, மூடி, தீயைக் குறைத்து 15 முதல் 18 நிமிடம். மூடியின் உள்பக்கத்தில் நீர் கோத்துக் குக்கிமேல் சொட்டும். மூடியைத் துணியால் கட்டி வைத்தால் சொட்டாது, துணி முனை தீயில் தொங்காமல் மேலே முடிந்துகொள்ளுங்கள். பிரஷர் குக்கரில் செய்வதானால் வளையமும் வெயிட்டும் கழற்றியே ஆக வேண்டும்.

தெரிந்த பேக்கரியில் போர்மாவில் (பேக்கரியின் பெரிய அடுப்பில்) சுட்டுத்தர ஒத்துக்கொண்டால், ரொட்டி எடுத்த பிறகு சூடு இறங்கும் நேரத்தைக் கேளுங்கள். ரொட்டிச் சூட்டில் குக்கி ஓரம் கருகி நடு வேகாமல் போகும்.

மாவே கறுப்பு. வெந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது?

நிறத்தை மறந்துவிடுங்கள். 9-வது நிமிடத்தில் பாருங்கள்: வேகாத மாவு ஈரமாகப் பளபளக்கும், வெந்த இடம் பளபளப்பு போய் மங்கலாகத் தெரியும். மங்கல் ஓரத்திலிருந்து உள்ளே நகரும். நடுவில் ஒரு ரூபாய் நாணயம் அளவு பளபளப்பு மிஞ்சியிருக்கும்போது விரலால் மெல்லத் தொடுங்கள். பள்ளம் விழுந்து மெதுவாக மேலே வந்தால் எடுத்துவிடலாம். பெரும்பாலும் 10 முதல் 12 நிமிடத்துக்குள் இது நடக்கும். தட்டிலேயே நான்கு நிமிடம் விட்டால் உள்சூட்டில் நடுவும் வெந்துவிடும். கோகோ மணம் அடுக்களை முழுக்கப் பரவுவது நல்ல அறிகுறி. அது கசப்பு மணமாக மாறினால் தாமதமாகிவிட்டது.

ஐசிங்குக்கு எது சரியான முறை?

வெண்ணெயையும் ஐசிங் சுகரையும் பச்சையாக அடிக்கும் முறை நம் சூட்டுக்கு ஒத்துவராது. அதைத் தாங்கி நிறுத்துவது வெண்ணெய் மட்டுமே. 32 டிகிரியில் அது உருகினால் ஐசிங்கும் வழியும். பழைய குறிப்புகளில் இருக்கும் காய்ச்சும் ஐசிங்தான் இங்கே நிற்கும். அதில் சூடான பாலில் சீனியின் ஒரு பகுதி கரைகிறது, ஆறும்போது அது பொடிப்பொடி மணிகளாகத் திரும்ப உறைந்து மேலே மெல்லிய பொருக்காகிறது. அந்தப் பொருக்குக்குக் குளிர் தேவையில்லை.

வெண்ணெய் 50 கிராம், கோகோ 18 கிராம், பால் 45 மி.லி., ஒரு சிட்டிகை உப்பு. சிறு சட்டியில் கிளறிக்கொண்டே காய்ச்சி, விளிம்பு மட்டுமல்ல, நடுவும் கொதித்ததும் அரை நிமிடம் விட்டு இறக்குங்கள். சலித்த ஐசிங் சுகர் 220 கிராம், வனிலா அரை டீஸ்பூன் சேர்த்து அடியுங்கள். முதலில் கட்டி கட்டியாக நிற்கும். ஒரு நிமிடம் விடாமல் அடித்தால் இளகி, கண்ணாடிபோல் பளபளக்கும். கரண்டியைத் தூக்கினால் விழும் இழை மேலே நான்கைந்து விநாடி நின்று மறைய வேண்டும். உடனே மறைந்தால் ஒரு டேபிள்ஸ்பூன் ஐசிங் சுகர். மறையாமலே நின்றால் அரை டீஸ்பூன் சூடான பால், கடுங்காப்பி என்றால் இன்னும் நல்லது, சாக்லேட் சுவையைத் தூக்கிக் கொடுக்கும்.

குக்கி முழுக்க ஆறியிருக்க வேண்டும், ஐசிங் இளஞ்சூட்டில் இருக்க வேண்டும். ஒரு குக்கிக்கு இரண்டு டீஸ்பூன். நடுவில் விட்டு, கரண்டியின் முதுகால் வட்டமாக வெளியே தள்ளி, ஓரத்தில் அரை செ.மீ. விடுங்கள். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் தேய்க்காதீர்கள், ஐந்து நிமிடத்தில் மேலே ஏடு படிந்துவிடும், பிறகு தேய்த்தால் கிழிந்து சொரசொரப்பாகும். பாதியில் சட்டியில் இறுகினால் வெந்நீர்ப் பாத்திரத்தின்மேல் வைத்து இளக்கிக்கொள்ளலாம்.

வீட்டில் மிக்சியில் பொடித்த சீனி நாக்கில் நெருடும். அப்படித்தான் செய்ய வேண்டுமென்றால் 220 கிராமுக்கு ஒன்றரை டேபிள்ஸ்பூன் கார்ன்ஃப்ளவர் சேர்த்து அரைத்து, மெல்லிய அரிப்பில் இரண்டு முறை சலியுங்கள்.

ஐசிங் எண்ணெய் பிரிகிறது.

சூடு மிஞ்சியது. ஒரு டீஸ்பூன் சூடான பால் விட்டு வேகமாக அடியுங்கள், சேர்ந்துவிடும்.

மழை நாளில் ஐசிங் பிசுபிசுவென்று இறுகாமலே நிற்கிறதே?

நமக்குத் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் உண்டு. கிறிஸ்துமஸ் பலகாரம் தொடங்கும் கார்த்திகை, மார்கழியிலும் காற்றில் ஈரம் போவதில்லை. சீனிக்கு ஒரு எல்லை இருக்கிறது: காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்தை ஒட்டித் தாண்டினால் அது தானாகவே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். தேன், கருப்பட்டி இரண்டும் அதற்குக் கீழேயே இழுக்கும், அதனால்தான் ஐசிங்கில் தேன் வேண்டாம் என்றோம், கருப்பட்டியும் வேண்டாம்.

அப்படிப்பட்ட நாளில் பாலை 35 மி.லி. ஆகக் குறைத்து, முழுக் கொதி ஒரு நிமிடம் விடுங்கள். தடவிய தட்டை அடுப்பில் சோறோ தண்ணீரோ கொதிக்கிற அறையில் வைக்காதீர்கள். ஜன்னலை மூடி மின்விசிறி போடுங்கள், ஏசி அறை இருந்தால் ஒரு மணி நேரம் அங்கே. சாரல் விடாமல் அடிக்கிற நாளென்றால் சீனி ஐசிங்கை விட்டுவிட்டு டார்க் காம்பவுண்டுக்கு (கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு சேர்த்த சாக்லேட் கட்டி) போங்கள்: 200 கிராமை வெந்நீர்மேல் உருக்கி, ஒரு டீஸ்பூன் தேங்காய் எண்ணெய் கலந்து தடவினால் ஈரக் காற்றிலும் இறுகும், கொழுப்பு என்பதால். உருக்கும்போது ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் கட்டியாகிவிடும். கரண்டியைத் துடைத்துவிட்டுப் போடுங்கள்.

பிரிட்ஜில் வைத்து இறுக்கலாமே என்பார்கள். வெளியே எடுத்ததும் மேலே நீர் முத்து முத்தாகக் கோத்து, ஐசிங் புள்ளி விழும். வைத்தே ஆகவேண்டுமென்றால் மூடிய டப்பாவில் வைத்து, எடுத்த பிறகு ஒரு மணி நேரம் திறக்காமல் விடுங்கள்.

முட்டையில்லாமல்?

தவக்காலத்திலும், சைவ வீடுகளுக்குக் கொடுக்கவும் கேட்கிறார்கள். முட்டைக்குப் பதில் கெட்டித் தயிர் 45 கிராம், மோரை 100 மி.லி. ஆகக் குறையுங்கள். சற்று அடர்த்தியாக வரும், எடுக்கும்போது உடையும். தட்டில் எட்டு நிமிடம் விட்டுப் பிறகு தூக்குங்கள்.

எந்தப் பருப்பு, என்ன வாசனை?

அண்டிப்பருப்பைவிடப் பொருத்தமான பருப்பு இதற்கு இல்லை. முழுப்பருப்பு வாங்க வேண்டியதில்லை, மார்த்தாண்டம் வட்டாரத்து அண்டியாபீஸ்களில் (முந்திரி ஆலைகளில்) உடைத்த பருப்பு விலை குறைவாகக் கிடைக்கும், சுவை அதேதான். 160 டிகிரியில் எட்டு நிமிடம் வறுத்து, ஆறிய பிறகு நறுக்குங்கள். வறுக்காமல் போட்டால் மாவுக்குள் ஈரம் குடித்து நமத்துப்போகும்.

கிராம்பு போடுவதானால் இரண்டு மொட்டு, காம்பு நீக்கிப் பொடித்து, மைதாவோடு சலியுங்கள். மாறாமலைப் பக்கத்தில் விளையும் கன்னியாகுமரிக் கிராம்புக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதில் எண்ணெய்ச் சத்து அதிகம், மூன்றாவது மொட்டு போட்டால் கோகோவை அமுக்கிவிடும்.

சுட்டுக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால்?

கதவைத் திறக்காதீர்கள். எட்டு நிமிடம் தாண்டியிருந்தால் உள்சூடே முடித்துவிடும், ஆறு நிமிடம் கூடுதலாக உள்ளே விடுங்கள். வைத்து இரண்டு மூன்று நிமிடமே ஆகியிருந்தால் அந்தத் தட்டு தட்டையாகத்தான் வரும், சுவை கெடாது. தட்டில் ஏறாத மாவை உடனே பிரிட்ஜுக்கு மாற்றுங்கள். சோடா நனைந்த நிமிடமே வேலையைத் தொடங்கிவிடும் என்பதால் அதிகபட்சம் இரண்டு மணி நேரம். அதற்கு மேல் ஆகுமென்றால் உருண்டைகளாக வைத்து ஃப்ரீசரில் உறையவிடுங்கள், உறைந்ததை அப்படியே இரண்டு நிமிடம் கூடுதலாகச் சுடலாம். கிறிஸ்துமஸுக்கு நூறு, இருநூறு செய்கிறவர்களுக்கும் இதுவே நல்ல வழி.

எத்தனை நாள் தாங்கும்? சென்னைக்கு அனுப்பலாமா?

ஐசிங் போடாதது காற்றுப்புகா டப்பாவில் நான்கைந்து நாள், போட்டது மூன்று நாள். ஈரம் உள்ள குக்கி என்பதால் அதற்கு மேல் நம் காற்றில் பூஞ்சை பிடிக்கும். முழுக்க ஆறாமல் மூடினால் இரண்டாம் நாளே. எறும்புக்கு, டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்துங்கள்.

கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் இரவோடு இரவாகப் போகிறவர் கையில் கொடுத்துவிடுவதானால் ஐசிங் தடவாமல் அனுப்புங்கள். குக்கிகளை நிற்க வைத்து, நடுநடுவே தாள் வைத்து, டப்பாவில் ஆட்டம் இல்லாமல் அடுக்க வேண்டும். ஐசிங்கைத் தனியாகச் சிறு எவர்சில்வர் டப்பாவில் இறுக மூடிக் கொடுங்கள். போய்ச் சேர்ந்த அன்றே, வெந்நீர்மேல் டப்பாவோடு வைத்து, ஒரு டீஸ்பூன் சூடான பால் விட்டு அடித்தால் மறுபடி இளகும். அங்கே தடவிக்கொள்ளலாம்.